விளக்குமாறு

ஐயா,
தங்கள் தணிக்கைக் குறிப்பு, பத்தி பதினேழு, கிடைத்தது.
'ஹைட்ரஜன் ஆய்வு' என்ற தலைப்பின் கீழ்
ஈர்க்குமாறு மூன்று, ரூபாய் நூற்றைம்பது,
சாயல்குடிச் சந்தை, ரசீது இல்லை:
காரணத்தை விளக்குமாறு கேட்டிருக்கிறீர்கள்.

விளக்குமாறுதான், ஐயா.

மூக்கையூரில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியை
வாடகைக்கு எடுத்து நடக்கிறது எங்கள் ஆய்வு.
சுவரில் இன்னும் மீன்வாடை.
நடுவில், இட்லித் தட்டுகளை அடுக்கியதுபோல்
நாற்பது எரிபொருள் கலங்கள்.
ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று,
இடையே வெங்காயத்தோல் கனத்தில் ஒரு சவ்வு.
புரோட்டான் மட்டும் அதற்குள் நுழையும்.
எலக்ட்ரான் சுற்றுவழியில் போகும்,
போகிற வழியில் நமக்கு வேலை பார்த்துக் கொடுக்கும்.
இவ்வளவுதான். புகை இல்லை.

கடற்கரையில் அது எத்தனை நாள் தாங்கும்
என்பதே கேள்வி.
சோழகம் கிளம்பினால் உப்பு ஏறும்.
வடிகட்டிமேல் வடிகட்டி வைத்தும்
வந்துவிடும் சோடியம்.
ராமநாதபுரம் கடைசி பஸ்ஸில்
ஜன்னல் வழியே துண்டு போடுகிறவன்போல
புரோட்டானின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்,
எழுந்திருக்காது.
அறுநூற்றுப் பன்னிரண்டாம் மணியில்
பதினோராம் கலம் படுத்துவிட்டது.
நூருல் ஹிதாயா அன்று சாப்பிடவில்லை.

துடைப்பத்துக்கு வருகிறேன்.

ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை.
பற்றிக்கொண்டால் பகலில் தீயும் தெரியாது.
எச்சரிக்கைக் கருவி கத்தும்;
எந்தக் குழாயை அடைப்பது என்று சொல்லாது.
ஈர்க்குமாற்றை முன்னால் நீட்டியபடி
அடி அடியாக நடக்க வேண்டும்.
நுனி கருகும் இடத்தில் நின்றுவிட வேண்டும்.
கைக்கு முப்பது அங்குலம் முன்னால் எரிவதற்குத்தான்
அந்த ஐம்பது ரூபாய்.
வெப்பம் பார்க்கும் கேமரா கேட்டு
மூன்று முறை எழுதினோம்.
நிதி இல்லை என்ற பதிலில்
தங்கள் அலுவலக முத்திரை இருக்கிறது.

மே ஒன்பது, மதியம் இரண்டு மணி.
காற்று செத்துக் கிடந்தது.
நடந்தவன் லூர்து பிரிட்டோ.
வல்லங்களில் டீசல் இன்ஜின் பார்த்தவன்,
சத்தத்தை வைத்தே நோய் சொல்லிவிடுவான்.
வாயே திறக்காத எங்கள் இயந்திரத்தோடு
அவனுக்கு முதலில் ஒட்டவே இல்லை.

மூன்றாம் குழாயருகே ஈர்க்கு சுருண்டது.
வெறும் வெட்டவெளியில்
நுனிகள் ஒவ்வொன்றாய்ச் சிவந்து தலைகுனிந்தன.
நாங்கள் கண்டது அவ்வளவே.
அப்போது கடலிலிருந்து ஒரு வீச்சு,
திறந்திருந்த கதவு வழியே.
உப்பு வந்து விழுந்ததும்
அதுவரை இல்லாதிருந்தது
மஞ்சளாய் எழுந்து நின்றது, முழங்கை உயரம்.
இரண்டு வருடமாய் நாங்கள் சபித்துவரும் அதே உப்பு.

பிரிட்டோ வால்வை அடைத்தான்.
யாருக்கும் ஒன்றுமில்லை.
மாலையில் எல்லோருக்கும் அவனே டீ வாங்கினான்
(அந்தச் செலவு கணக்கில் இல்லை).

பத்தி பதினெட்டையும் இதிலேயே முடித்துவிடுகிறேன்:
தண்ணீர் லாரிச் செலவு.
ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரித்தெடுக்கச்
சுத்தநீர் ஒன்பது லிட்டருக்கும் மேல் வேண்டும்.
அதே ஒரு கிலோ கலத்துக்குள் போனால்
ஒன்பது லிட்டராய்த் திரும்பச் சொட்டும்.
'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று
யார் யாரையோ மிரட்ட உதவிய இந்த மாவட்டத்தில்
வாங்கிய தண்ணீரை ஒரு இயந்திரம் திருப்பித் தருகிறது,
சேதாரம் போக.
சேதாரத்துக்குத்தான் லாரி.
சொட்டுவதை ஹிதாயா அளந்து எழுதுகிறாள்.
அளந்தபின் கொஞ்சம் பூனை குடிக்கிறது.

துடைப்பம் மூன்றில்
நுனி கருகிய ஒன்றை இத்துடன் இணைத்துள்ளேன்,
தொட்டுப் பார்க்கலாம்.
ஒன்று கதவருகே, தயார் நிலையில்.
இன்னொன்றால் கூட்டுகிறோம்;
அதை மறைக்க விரும்பவில்லை.

இப்படிக்கு,
வெ. இருளாயி
முதன்மை ஆய்வாளர்,
மூக்கையூர்.